தலைமடையில் ஒரு வீடு

அத்தியாயம் 4: வைட்ஃபீல்டில் குடியிருப்பவர்களுக்கு

காவிரி என்றதும் நமக்குக் கடைமடைதான் நினைவுக்கு வரும். மேலே திறந்துவிட்டால் தண்ணீர் உண்டு, இல்லையென்றால் இல்லை. தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கமிருந்து வேலைக்காகப் பெங்களூருக்கு வந்த குடும்பங்களுக்கு அந்தக் காத்திருப்பு தலைமுறை தலைமுறையாகப் பழகிய ஒன்று. ஆனால் வைட்ஃபீல்டில் வீடு எடுத்துப் பால் காய்ச்சிய அன்றே நம் இடம் மாறிவிடுகிறது. இங்கே நாம் இன்னொரு ஆற்றுக்குத் தலைமடைக்காரர்கள். அந்த ஆறு தென்பெண்ணை.

கன்னடத்தில் அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரின் கிழக்கு ஓரமாக வந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, திருக்கோவிலூர் என்று நடந்து கடலூர் அருகே கடலில் சேருகிறது. வைட்ஃபீல்டு மாடிகளில் விழும் மழையும், நம் சமையலறைத் தொட்டியிலிருந்து இறங்கும் நீரும் ராஜகாலுவே என்று இங்கே சொல்லும் பெரிய வடிகால்களில் ஓடி, ஏரிகளைக் கடந்து, கடைசியில் இந்த ஆற்றுக்குத்தான் போகின்றன.

வருகிற தண்ணீரோ வேறு ஆற்றினுடையது. 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கியது. நகரத்தோடு 2007-இல் இணைந்த 110 கிராமங்களுக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவருவது அதன் நோக்கம். வைட்ஃபீல்டைச் சுற்றியுள்ள மகாதேவபுரா பகுதியின் ஊர்களும் அதில் அடக்கம். அதுவரை இங்கே பல வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும்தான் கதி. ஆக, காவிரியில் எடுத்துத் தென்பெண்ணையில் விடுகிறோம்.

இந்த அத்தியாயத்தின் அளவுகோல் இதிலிருந்து வருகிறது. வீட்டில் ஒரு பொருளை வாங்கும்போதும் கொட்டும்போதும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது யாரிடமிருந்து வருகிறது? முடிந்தபின் யார் வாசலுக்குப் போகிறது? அந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு வீட்டை அறை அறையாகச் சுற்றி வருவோம். அதிகம் கெடுக்கும் இடத்திலிருந்து தொடங்குவோம்.

1. துணி துவைக்கும் மூலை

சில வருடங்களுக்கு முன் நடந்தது. எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்காவுக்குச் சொந்த ஊர் கெலவரப்பள்ளி அணைப் பக்கம். நான் வாஷிங் மெஷினில் சோப்புத்தூளைக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் கேட்டார்:

"எதுக்குக்கா இவ்ளோ பவுடரு? இந்த நொரை எல்லாம் எங்க ஊரு டேமுக்குத்தான் வருது. தண்ணி தொறந்துவுட்டா பஞ்சுப்பொதி மாதிரி மெதக்கும். மாட்ட எறக்கவே பயமா இருக்கும்."

"நம்ம வீட்டுத் தண்ணியா அங்க வருது?"

"பின்ன எங்க போவும்? மேலேருந்து கீழதானக்கா வரணும்."

அன்று அவர் சொன்னதை நான் பிறகு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. பெள்ளந்தூர் ஏரி நிறைந்து வர்த்தூர் ஏரிக்கு வரும். வர்த்தூரிலிருந்து வழியும் நீர் தட்சிண பினாகினிக்குப் போகும். 2015-இல் இந்த இரண்டு ஏரிகளிலும் நுரை கரையேறி, சாலையில் போகிறவர்கள் மேல் பறந்தது. அதே ஆண்டு மே மாதம் பெள்ளந்தூர் ஏரியில் தீப்பற்றியது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் மீண்டும் பற்றியது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது நுரை மலைபோல் எழும் படங்களை நீங்களும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

நுரை எப்படி உண்டாகிறது? அழுக்கைத் துணியிலிருந்து பிரிக்க, சோப்புத்தூளில் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள் இருக்கிறது. சுத்திகரிக்காத கழிவுநீரோடு அது ஏரியில் தங்குகிறது. அடியில் சேறாகப் படிந்தும் கிடக்கிறது. மதகிலும் கலிங்கிலும் தண்ணீர் உயரத்திலிருந்து விழும்போது காற்று கலந்து, வாளியில் கைவிட்டுக் கலக்கியது போல் பொங்குகிறது. பல தூள்களில் சேர்க்கும் பாஸ்பேட் இன்னொரு வேலையும் செய்கிறது. அது செடிகளுக்கு உரம். ஆகாயத்தாமரை அதைத் தின்று ஏரியை மூடுகிறது. செடி செத்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி தீர்ந்து மீன்கள் சாகின்றன.

ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு நீர் என்பதால் நுரை குறைவாக வரும். நுரை வந்தால்தான் அழுக்குப் போகும் என்று நினைத்து நாம் இன்னும் ஒரு கரண்டி போடுகிறோம். அந்தக் கூடுதல் கரண்டியிலிருந்தே தொடங்கலாம்.

*செய்ய வேண்டியவை:*

அளவுக் கரண்டி ஒன்றை சோப்புத்தூள் டப்பாவிலேயே போட்டு வையுங்கள். இப்போது போடுவதில் பாதி போட்டு ஒரு வாரம் துவைத்துப் பாருங்கள். அலுவலகத்துக்கு ஒருநாள் உடுத்திய சட்டையில் வியர்வையும் தூசியும்தான் இருக்கும், பாதி அளவு அதற்குப் போதும். காலர், கறை இருக்கும் இடத்தில் மட்டும் தனியாகத் தேய்த்துவிட்டுப் போடுங்கள். முந்நூறு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் வீட்டுக்கு 15 கிராம் குறைத்தாலே நாளைக்கு நாலரைக் கிலோ, மாதத்துக்கு 135 கிலோ தூள் ஏரிக்குப் போகாமல் நிற்கும்.

வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பாஸ்பேட் இல்லாதது என்று தெளிவாக எழுதியிருப்பதை எடுங்கள். உப்பு நீரை மென்மையாக்கும் வேலையைச் செய்ய ஜியோலைட் சேர்த்த தூள்களும் உண்டு.

பூந்திக்கொட்டையைப் பழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பட்டுப்புடவைக்கும் கம்பளிக்கும் நம் பாட்டிகள் அதைத்தான் போட்டார்கள். கொட்டை நீக்கிய தோல் 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, பிசைந்து வடிகட்டுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். மெல்லிய துணிகள், குழந்தைத் துணிகள், தலைக்குளியல் எல்லாவற்றுக்கும் ஆகும். எண்ணெய்க் கறையும் வெள்ளைச் சீருடையும் இதில் முழுசாக வெளுக்காது. அவற்றுக்கு மட்டும் தூளை வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் நிறைந்த பிறகே ஓட்டுங்கள். கடைசி அலசல் நீரை வாளியில் பிடித்தால் பால்கனி கழுவ உதவும்.

2. பாத்திரத் தொட்டியும் குளியலறையும்

பெரிய குடியிருப்புகளில் எஸ்.டி.பி. என்று ஒன்று நிலவறையில் இருக்கும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அந்த நிலையத்தில் உண்மையில் வேலை செய்வது நுண்ணுயிர்கள்தான். பம்பும் காற்றூதியும் அவற்றுக்குச் சாப்பாடும் மூச்சும் கொடுப்பவை. நாம் கழிப்பறையில் ஊற்றும் ஆசிட், பிளீச்சிங், காட்டமான பினாயில் எல்லாம் அந்த நுண்ணுயிர்களைக் கொல்லும். அவை செத்தால் சுத்திகரிப்பு பெயரளவுக்குத்தான் நடக்கும். சுத்திகரித்த நீர் நாறுகிறது என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சண்டை வரும். பிறகு அது வடிகாலுக்குப் போகும்.

இதற்கு மாற்றாகப் பெங்களூரில் பல வீடுகள் தாமே செய்துகொள்ளும் ஒன்று பயோ என்சைம். எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடித் தோலில் ஆகும். செலவு வெல்லத்துக்கு மட்டும்.

வெல்லம் 100 கிராம், தோல் 300 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். ஒன்று, மூன்று, பத்து என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மேலே கால் பாகம் காலியாக விடுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், உள்ளே எழும் காற்றில் வெடிக்கும். முதல் மாதம் தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து மூட வேண்டும். தேதியை ஒட்டிவையுங்கள். மூன்று மாதம் கழித்து வடிகட்டினால் புளித்த வாசனையோடு பழுப்புத் திரவம் கிடைக்கும். ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு மூடி கலந்து தரை துடைக்கலாம். நீர்க்காமல் ஊற்றிக் கழிப்பறையைத் தேய்க்கலாம். வடிகட்டிய சக்கையை மறு ஈடுக்கு விதையாகப் போட்டால் அடுத்த முறை சீக்கிரம் ஆகும். நோயாளி இருக்கும் வீட்டில் மருத்துவர் சொல்லும் கிருமிநாசினிக்கு இது மாற்றாகாது.

பாத்திரத் தொட்டியில் எண்ணெய்தான் முதல் எதிரி. வடைச் சட்டியைக் கழுவும் முன் பழைய செய்தித்தாளால் துடைத்துவிடுங்கள். குழாயடைப்பும் குறையும், எஸ்.டி.பி.யில் கொழுப்பும் சேராது. காலாவதியான மாத்திரைகளையும் மருந்துகளையும் கழிப்பறையில் போடவே கூடாது. ஈரத் துடைப்பான் தாள்கள் கரையும் என்று உறையில் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள், அடைப்பை எடுக்கக் கையை விடுகிறவர் ஒரு மனிதர்.

3. குழாய்: எடுக்கும் தண்ணீர்

காவிரி நீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம், 500 மீட்டர் உயரம் ஏறி வருகிறது. ஆயிரம் லிட்டரை அந்த உயரத்துக்குத் தூக்க, இயந்திர இழப்புகளைக் கணக்கில் எடுக்காமலேயே சுமார் 1.4 யூனிட் மின்சாரம் வேண்டும். குழாயைத் திறப்பது ஒரு மின்விசையைத் தட்டுவதற்குச் சமம்.

2024 மார்ச் மாதம் நினைவிருக்கும். ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, குடியிருப்புகள் தண்ணீருக்கு நேரம் குறித்த மாதம் அது. கார் கழுவ, தோட்டத்துக்கு ஊற்றக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. குழாய்களில் ஏரேட்டர் மாட்டுவதை வணிக வளாகங்களுக்கும் குடியிருப்புகளின் பொது இடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அந்த மாதம் கற்ற பழக்கத்தை மழை வந்ததும் நம்மில் பலர் விட்டுவிட்டோம்.

*முதலில் அளந்து பாருங்கள்.* பத்து லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து, நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். நாற்பது வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர். அந்தக் குழாயைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் பாத்திரம் துலக்கினால் 150 லிட்டர் போய்விடும். ஒருவர் ஒருநாள் முழுவதற்கும் 135 லிட்டர் என்பதுதான் நம் நகரங்களுக்கு வகுத்த அளவு. குழாயின் நுனியில் திருகும் ஏரேட்டர் சின்னதொரு வலைத்துண்டு. நீரில் காற்றைக் கலந்து, கைக்கு அதே ஓட்டம் தெரியும்படி செய்து, நீரை மட்டும் பாதிக்கும் கீழே குறைக்கும். எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். மாதம் ஒருமுறை கழற்றி, படிந்த உப்பை வினிகரில் ஊறவைத்துத் தேயுங்கள்.

*ஆர்.ஓ. கழிவுக் குழாயைப் பாருங்கள்.* சுத்திகரிப்பான் குடிக்க ஒரு லிட்டர் தருவதற்குள் எத்தனை லிட்டரை வெளியே தள்ளுகிறது என்று ஒருநாள் வாளியில் பிடித்து அளவெடுங்கள். அந்த நீரில் தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். உப்பு மிகுந்த நீர் என்பதால் தொட்டிச் செடிகளுக்கு மட்டும் வேண்டாம். உங்கள் தெருவுக்குக் காவிரி நீர் வந்துவிட்டதென்றால் ஆர்.ஓ. தேவையா என்று ஒரு பரிசோதனைச் சாலையில் நீரைக் கொடுத்துப் பார்த்து முடிவெடுங்கள். வடிகட்டுவதும் காய்ச்சுவதும் போதும் என்று தெரிந்தால் அந்தக் கழிவு முழுதும் மிச்சம்.

*மழையை வீட்டுக்குள் அழையுங்கள்.* பெங்களூரில் ஆண்டுக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் அது ஏறத்தாழ 90,000 லிட்டர். சிந்தியது, ஆவியானது போக 70,000 லிட்டராவது கைக்கு வரும். தனி வீடாக இருந்தால் இரண்டு வழி. ஒன்று, முதல் மழையைத் தனியே வெளியேற்றிவிட்டு, மணலும் கூழாங்கல்லும் போட்ட வடிகட்டி வழியாகத் தொட்டியில் சேர்ப்பது. இன்னொன்று, மீள்நிரப்புக் கிணறு. மூன்று அடி அகலம், இருபது அடிக்கு மேல் ஆழம், உள்ளே சிமெண்ட் உறைகள் இறக்கி, அடியைப் பூசாமல் விட்ட கிணறு. தலைமுறைகளாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் சமூகத்தினர் இந்நகரைச் சுற்றி வாழ்கிறார்கள். பயோம் அறக்கட்டளை முன்னெடுத்த பத்து லட்சம் மீள்நிரப்புக் கிணறுகள் இயக்கம் அவர்கள் கைத்திறனை நம்பி நடப்பது. அவர்களைக் கூப்பிட்டு வேலை கொடுங்கள், மண்ணைப் பார்த்தே எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்வார்கள். கிணற்றுக்குள் மாடி நீர் மட்டுமே இறங்க வேண்டும். துணி துவைத்த நீர் ஒரு சொட்டுக்கூட போகக் கூடாது, நிலத்தடி நீர் கெட்டால் அதைக் கழுவ வழியில்லை.

4. குப்பைக்கும் கடைமடை உண்டு

வைட்ஃபீல்டுக்கு வடக்கே, பழைய மெட்ராஸ் சாலைக்கு அப்பால் மண்டூர் என்றொரு கிராமம். நகரத்தின் குப்பை லாரிகள் ஆண்டுக்கணக்கில் அங்கே கொட்டின. கிணற்று நீர் கெட்டது, ஈயும் நாற்றமும் வீட்டுக்குள் வந்தன. ஊர்மக்கள் சாலையில் உட்கார்ந்த பிறகு, 2014 இறுதியில் அங்கே கொட்டுவது நின்றது. அதற்கு முன் 2012-இல் மாவள்ளிபுரா என்ற இன்னொரு கிராமத்திலும் இதே கதைதான். கலந்த குப்பை எங்கே போனாலும் அங்கே ஒரு மண்டூர் உருவாகும். பிரித்த குப்பைக்கு அந்தச் சாபம் இல்லை.

பெங்களூரில் வீட்டிலேயே பிரிப்பது 2012 முதல் கட்டாயம். 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் இரண்டு தொட்டி, ஒரு பை என்ற முறையை உறுதி செய்தது. பச்சைத் தொட்டியில் ஈரக்குப்பை, சிவப்புத் தொட்டியில் கழிவுத்துணி, டயாப்பர் போன்றவை, பையில் உலர்குப்பை. காலையில் ஆட்டோ வரும்போது "ஹசி கசா, ஒண கசா" என்று குரல் கேட்குமே, அதன் பொருள் ஈரக்குப்பை, உலர்குப்பை என்பதுதான்.

*ஈரக்குப்பை: வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.* பூந்தொட்டி வைக்க இடம் இருக்கும் பால்கனி போதும். பெயிண்ட் காலியான இருபது லிட்டர் வாளிகள் இரண்டு வேண்டும். சூடான கம்பியால் பக்கவாட்டிலும் அடியிலும் பத்துப் பன்னிரண்டு துளை போட்டு, ஒரு தட்டின் மேல் வையுங்கள். மண்ணாலான அடுக்குப் பானைகளும் இதற்கென்றே கடைகளில் விற்கின்றன. அடியில் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலை அல்லது தேங்காய் நார்த்தூள் பரப்புங்கள். காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், காபி வடிகட்டியின் சக்கை, வாடிய பூ எல்லாவற்றையும் நறுக்கி, நீர் வடித்துப் போடுங்கள். போட்ட அளவுக்கே காய்ந்த இலையை மேலே மூடுங்கள். முதல் வாரம் புளித்த மோர் ஒரு கை தெளியுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். வாளி நிறைந்தால் மூடி ஓரமாக வைத்துவிட்டு இரண்டாம் வாளியைத் தொடங்குங்கள். நாற்பத்தைந்து நாள் போல ஆகும். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்து, ஈரமண் வாசனை வந்தால் உரம் தயார்.

பாதியில் விட்டுவிடுகிறவர்கள் மூன்று காரணத்தால் விடுகிறார்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள், காய்ந்த இலையை இரு மடங்கு போட்டுக் கிளறுங்கள். பல நாளாகியும் மாறாமல் கிடந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். தடித்த பழுப்புப் புழுக்கள் வந்தால் பயப்படாதீர்கள், அவை கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்கள். குப்பையை வேகமாக உண்டு முடிக்கும், நோய் பரப்பாது. பால், இறைச்சி, மீன் கழிவைப் பழகும்வரை வாளியில் போட வேண்டாம்.

*உலர்குப்பை: பால் கவரில் தொடங்குங்கள்.* தினமும் காலையில் நந்தினி பால் கவரின் மூலையைக் கத்தரிக்கிறோம். அந்தச் சிறு முக்கோணத் துண்டு எங்கே போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? தரையில் விழுந்து, துடைப்பத்தில் சேர்ந்து, ஈரக்குப்பையிலோ தொட்டித் துளையிலோ மறைந்துவிடும். பிரிப்பவர் கண்ணுக்கு அது அகப்படாது. மூலையை முழுதும் வெட்டாமல், கவரோடு ஒட்டியிருக்கும்படி ஒரு கீறல் மட்டும் போடுங்கள். பால் ஊற்றியதும் கவரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்த நீரைச் செடிக்கு ஊற்றி, கவரைக் கொடியில் காயப்போடுங்கள். மற்ற பிளாஸ்டிக் உறைகளுக்கும் இதே விதி: அலசு, உலர்த்து, பையில் போடு. ஈரமும் உணவும் ஒட்டிய உறையை யாரும் வாங்க மாட்டார்கள்.

உலர்குப்பை சேகரிப்பு மையங்களில் அதைக் கையால் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். பல மையங்களை முன்பு தெருவில் குப்பை பொறுக்கியவர்களே, ஹசிரு தளா அமைப்பின் துணையோடு நடத்துகிறார்கள். நாம் காயவைத்துக் கொடுக்கும் கவர் அவர்களுக்குக் காசு. உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றி, "கண்ணாடி" என்று எழுதுங்கள். மாதவிடாய்த் துணியையும் டயாப்பரையும் செய்தித்தாளில் மடித்துச் சிவப்புக் குறியிட்டுத் தனியே கொடுங்கள். அந்த ஒரு குறி இன்னொருவரின் விரலைக் காப்பாற்றும்.

5. மின்சாரம்: சுருக்கமாக மூன்று

நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. வீட்டில் பெரிய இடங்கள் மூன்றுதான்.

முதலாவது வெந்நீர். பத்து நிமிட ஷவரில் 100 லிட்டர் போனால், அதைச் சூடாக்க இரண்டு யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஒரு வாளி, 20 லிட்டரில் குளித்தால் அரை யூனிட்டுக்கும் குறைவு. சூரிய வெந்நீர்க் கலம் மாடியில் இருந்தால் மழை நாட்கள் தவிர மற்ற நாட்களுக்கு இதுவும் மிச்சம்.

இரண்டாவது மின்விசிறி. பழைய விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் போல. நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு ஆண்டுக்குச் சுமார் 200 யூனிட் குறையும். அதிகம் ஓடும் கூடத்து விசிறியை முதலில் மாற்றுங்கள்.

மூன்றாவது ஏ.சி. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. மாலையில் எதிரெதிர் சன்னல்களைக் கொசுவலையோடு திறந்து, மேற்குச் சுவருக்கு மூங்கில் தட்டி கட்டினால் ஆண்டில் பெரும்பகுதி ஏ.சி. தேவைப்படாது. தேவைப்படும் ஏப்ரல் நாட்களில் 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். சொந்தக் கூரை உள்ளவர்கள் 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீட்டுத் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் பெறலாம்.

6. தட்டும் பையும்

அரிசி ஒரு நீர்ப்பயிர். ராகி மானாவாரியாகவே விளையும். கோலாரிலும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் விளைவது நம் வீட்டிலிருந்து சிறு தூரம். வாரத்தில் இரண்டு வேளை களியோ, ராகி தோசையோ, முத்தேயோ செய்தால் சமையலறையின் நீர்க்கணக்கே மாறும். குழந்தைகளுக்கு முதலில் தோசையாகக் கொடுங்கள், அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து அரைத்தால் முரண்டு பிடிக்க மாட்டார்கள்.

பத்து நிமிடத்தில் வரும் செயலிக் கடைகள் வைட்ஃபீல்டில் மூலைக்கு மூலை இருக்கின்றன. ஒரு கட்டு கொத்தமல்லிக்கு ஒரு வண்டி, ஒரு பை. சமையலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டித் தீர்ந்ததை எழுதிவையுங்கள். வாரம் இருமுறை துணிப்பையோடு ஹாப்காம்ஸ் கடைக்கோ தெருமுனைத் தள்ளுவண்டிக்கோ போய் வாங்குங்கள். கதவுக்குப் பின்னால் ஆணியில் இரண்டு பைகள், வண்டியில் ஒன்று எப்போதும் இருக்கட்டும். பை கையில் இல்லாத நாளில்தான் பிளாஸ்டிக் வீட்டுக்குள் வருகிறது.

அலுவலகம் போகிறவர்களுக்கு ஒரு வரி. 2023 அக்டோபரிலிருந்து காடுகோடியில் ஏறினால் ஊதா வழித்தடத்தில் நகரின் மறுகோடிவரை மெட்ரோ ஓடுகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது காரை வீட்டில் விடுங்கள்.

7. சங்கக் கூட்டத்தில் பேச வேண்டியது

ஒரு வீடு செய்வதை முந்நூறு வீடுகள் சேர்ந்து செய்தால்தான் ஏரிக்குத் தெரியும். அடுத்த கூட்டத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்காமல், இவற்றில் ஒன்றை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

* ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தண்ணீர் மீட்டர். எல்லாருக்கும் ஒரே கட்டணம் என்றால் சிக்கனம் செய்பவருக்குப் பலன் இல்லை.
* எஸ்.டி.பி. நீரைக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் திருப்புவது. அதன் பரிசோதனை அறிக்கையை மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது.
* பொதுத் தரைக்கு வாங்கும் ஆசிட்டையும் பினாயிலையும் நிறுத்துவது.
* மாடி நீருக்கு மீள்நிரப்புக் கிணறு.
* வளாகத்துக்குள்ளேயே ஈரக்குப்பை உரக்கூடம். 5000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் இயன்றவரை உள்ளேயே முடிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லின.

எதிர்ப்பு வரும். "நாங்க ஒருத்தங்க மாறி என்ன ஆகப்போகுது சார்?" என்பார்கள். அப்போது கணக்கைச் சொல்லுங்கள்: 15 கிராம், முந்நூறு வீடு, மாதம் 135 கிலோ.

ஒரு மாதத் திட்டம்

*முதல் வாரம்:* அளவு மட்டும் எடுங்கள். குழாயின் வேகம், ஆர்.ஓ. கழிவு, ஒருநாள் ஈரக்குப்பையின் எடை, சோப்புத்தூள் கரண்டிக் கணக்கு. குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

*இரண்டாம் வாரம்:* சோப்புத்தூள் பாதி, ஏரேட்டர், பால் கவர்க் கீறல். மூன்றுக்கும் பெரிய செலவில்லை.

*மூன்றாம் வாரம்:* உர வாளியும் பயோ என்சைம் பாட்டிலும். வீட்டில் யார் கிளறுவது, யார் மூடி திறப்பது என்று பெயர் போட்டுப் பிரித்துக்கொடுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலை பிடிக்கும்.

*நான்காம் வாரம்:* மீண்டும் அளந்து பழைய தாளோடு ஒப்பிடுங்கள். குறைந்திருக்கும் எண்ணைச் சங்கக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள்.

அந்த மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வையுங்கள். காலையில் வர்த்தூர் ஏரிக்கரை, பிறகு ஓசூர் வழியாகக் கெலவரப்பள்ளி அணை. அரைநாள் போதும். அணையில் தண்ணீர் விழும் இடத்துக்குக் கீழே, கரையில் நின்று நிறத்தையும் நுரையையும் பாருங்கள், வாசனையைக் கவனியுங்கள். அந்தத் தண்ணீரை நம்பி நடவு செய்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால் இரண்டு வார்த்தை பேசுங்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார். வைட்ஃபீல்டு என்று சொல்லுங்கள். திரும்பி வந்து மறுநாள் துணி போடும்போது, கரண்டியில் எவ்வளவு அள்ளுவது என்று உங்களுக்கே தெரியும்.